மரவீட்டில் ஒரு பாடு

1

எங்கள் பக்கத்தில் மரத்தின் மேல் ஒருவன் ஏறி உட்கார்ந்திருந்தால், கீழே கூடுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “இன்னா கோரிக்கையாம்?” என்பதுதான். மரமோ, செல்போன் கோபுரமோ, தண்ணீர்த் தொட்டியோ, ஏறினவனுக்கு ஒரு காரணம் இருக்கும். பொன்னேரியிலிருந்து அதிகாரிகள் ஜீப்பில் வருவார்கள். கீழே நின்று கெஞ்சுவார்கள். அவனும் போதுமான கூட்டம் சேர்ந்த பிறகு இறங்கி வந்து டீ குடிப்பான். கோரிக்கை எதுவும் இல்லாமல், சும்மா பொழுதுபோக்குக்காக மரத்தில் ஏறுவதும், ஏறினது போதாதென்று அங்கே ஒரு வீட்டைக் கட்டிக்கொள்வதும் நியூசிலாந்துக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் திட்டில் பிறந்தவன் நான். பேர் சொன்னால் பஸ் கண்டக்டரே யோசிக்கிற குப்பம். அங்கே மரம் என்றால் ஒன்று சவுக்கு, இன்னொன்று வேலிக்காத்தான். சவுக்கில் ஏறினால் கிளை ஒடியும். வேலிக்காத்தானில் ஏறினால், இறங்கின பிறகு முள் எடுக்கத் தனியாக ஆள் வேண்டும். ஆக்லாந்தில் என்னோடு வேலை பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே புரிகிறது? இந்தியக் கிராமத்தான் என்றால் தென்னையில் பிறந்து, ஆலமரத்தில் வளர்ந்து, விசா வந்ததும் விழுதைப் பிடித்து இறங்கினவன் என்று நினைப்பு. என் பிள்ளைகள் மரவீடு கேட்கிறார்கள் என்று வாய்தவறிச் சொன்னதும், உனக்கென்ன, கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிடுவாய் என்று முதுகில் தட்டினார்கள். நானும் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் கேட்பார்கள். ஏற்றுமதியாகிற மீன் பெட்டிகள் போதுமான குளிரில் இருக்கின்றனவா என்று கணினித் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பது என் வேலை. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை மீனைக் கண்ணால் பார்க்காமலே மீனால் பிழைப்பது எப்படி என்று யாராவது புத்தகம் போட நினைத்தால் என்னை அணுகலாம்.

மகள் கயல்விழிக்குப் பதினொரு வயது. தமிழ்ப்பற்று முற்றிக் கிடந்த நாளில் வைத்த பெயர். பள்ளியில் அவளை ‘கைல்’ என்று கூப்பிடுகிறார்கள். இந்த நாட்டில் அது ஆண் பிள்ளைப் பெயர். மகன் முகிலனுக்கு ஏழு வயது. அவன் பெயரை யாரும் கெடுக்கவில்லை, ஏனென்றால் யாரும் அதைச் சொல்லிப் பார்ப்பதே இல்லை. இருவரும் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போய், அந்த வீட்டுத் தோட்டத்தில் மரவீட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சு இல்லை.

அதே வாரம்தான் ஊரிலிருந்து அண்ணன் ஏழுமலை கூப்பிட்டார்.

“டேய், ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. ஊர்ல பேச்சு ஒரு மாரியா கீது. முகத்துவாரம் மண்ணடிச்சிக் கெடக்குது. எடம் கொறஞ்சி போச்சி. வெளியூர்ல கீறவங்க பேரையெல்லாம் பாடுலேர்ந்து எடுக்கணும்னு சொல்லிக்கினு கீறாங்க.”

“என் பேரையுமா?”

“ஏன், உன் பேரு இன்னா தங்கத்துல எழுதிக்கீதா?”

ஏரி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஏரி முழுக்கத் தண்ணீர்தான் என்றாலும் இறால் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் கிடைக்காது. கடல் ஏரிக்குள் நுழைகிற முகத்துவாரத்தை ஒட்டி வலை கட்டினால் வலை கனக்கும். உள்ளே தள்ளிப் போகப் போக நாலு நண்டும் கூடை நிறையப் பாசியும்தான். நல்ல இடம் யாருக்கு என்று தினமும் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இருக்க, ஊர் கூடிக் கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கி, இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் விழுந்தவனுக்கு நாளை மோசமான இடம். அந்த முறைக்குப் பெயர் பாடு. எங்கள் ஊரில் கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் பானைக்குள் ஒரு சீட்டு.

எனக்கும் ஒன்று உண்டு. கல்யாணமானதும் நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னைக் கூட்டத்தில் நிறுத்தி என் பெயரைப் பானையில் போட்டார். அந்த முறையில் நான் வலை கட்டியது கொஞ்ச நாள்தான். அதற்குள் விமானம் ஏறிவிட்டேன். நைனா காலமான பிறகும் என் முறை வரும்போதெல்லாம் அண்ணன்தான் வலை கட்டுகிறார், என் பெயருக்கு ஊர் வரியும் கட்டுகிறார். வலையில் விழுவது அவருக்கே. எனக்கு வேண்டியது பானைக்குள் என் பெயர், அவ்வளவுதான். இந்த நாட்டுக் குடியுரிமைச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் கூடத்தில் தொங்குகிறது. ஆனால் நடுவில் எப்போதாவது நான் யார் என்று எனக்கே சந்தேகம் வந்தால், மனதுக்குள் சொல்லிக்கொள்வது அந்தச் சான்றிதழை இல்லை. ஏரியில் எனக்கு ஒரு பாடு இருக்கிறது என்பதைத்தான்.

“அண்ணா, நீ பேசு. எப்டியாச்சும் நிறுத்து,” என்றேன்.

“பாக்கலாம்,” என்றார். அவர் அகராதியில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இதுவரை யாருக்கும் தெரிந்ததில்லை.

2

வீட்டுக் கொல்லையில் இருக்கும் மரத்தின் பெயர் போஹுடுகாவா. வாயில் நுழைந்ததும் பாதிப் பல்லை ஆட்டிவிடுகிற பெயர். கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவப்பாகப் பூக்கும். இந்த நாட்டுக்காரர்களுக்கு அதன் மேல் அப்படி ஒரு மரியாதை. அதில் கை வைப்பதற்கு முன்னால் நகரசபையைக் கேட்டுக்கொள்வது நல்லது என்றார்கள். கேட்டேன்.

நம் ஊர் ஆபீஸ்களில் நம்மைத் திட்டிவிட்டு வேலையை முடிக்காமல் அனுப்புவார்கள். இங்கே நமக்கு நன்றி சொல்லிவிட்டு முடிக்காமல் அனுப்புகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். போனில் பேசிய அம்மாள் தேனாகப் பேசினார். உயரம் எவ்வளவு? அங்கிருந்து பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் தெரியுமா? அதில் யாராவது இரவு தங்குவார்களா? சமையல் செய்வார்களா? கழிவறை இணைப்பு உண்டா? மரத்தில் பிள்ளைகள் உட்காருவதற்கு நாலு பலகை என்று சொன்னேன். அதைத்தான் அவரும் கேட்கிறார், அந்த நாலு பலகை ‘கட்டடமா’, ‘விளையாட்டுப் பொருளா’? கட்டடம் என்றால் அனுமதி வேண்டும். விளையாட்டுப் பொருள் என்றால் வேண்டாம். அதை முடிவு செய்ய ஒரு அதிகாரி நேரில் வர வேண்டும். அவர் வருவதற்கு முன்னால் கட்டக் கூடாது. கட்டாமல் அவர் எதைப் பார்ப்பார் என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று நன்றி சொன்னார்.

வந்த அதிகாரி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் இரண்டு நிபந்தனை வைத்தார். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. ஒரு நேரத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் ஏறக் கூடாது.

ஆணி கூடாது என்றதும் எனக்கு வந்த சந்தோஷத்தை அந்த மனிதர் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பார். நைனா சின்ன வயதில் கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். ஆணி இல்லாமல் கட்டையோடு கட்டையைக் கயிற்றால் பிணைத்து அலையைத் தாண்டின குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளையிடம் வந்து, ஆணி அடிக்காதே, கயிறு கட்டு என்கிறார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மேலே ஏறிக் கயிற்றை இறுக்கினேன். முகிலன் கீழே நின்று கயிற்றுச் சுருளை எறிந்தான். பிறகு வந்து ஆட்டிப் பார்த்த அதிகாரி, தன் குறிப்பில் ‘மரத்துக்கு ஊறு செய்யாத இணைப்பு முறை’ என்று எழுதிக்கொண்டார். நைனா இருந்திருந்தால், தான் இத்தனை நாளும் இவ்வளவு பெரிய காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தோமா என்று ஆடிப்போயிருப்பார்.

மமதை ஏறினால் மனிதன் அடுத்து என்ன செய்வான்? தரை போட்டேன். பலகைகளை ஒட்டி ஒட்டி அடுக்கிப் பார்த்தால் நடுவில் நூல் நூலாகச் சந்து தெரிந்தது. மரப்படகில் அப்படி ஒரு சந்தைப் பார்த்துவிட்டு நைனா சாப்பிட உட்கார்ந்ததில்லை. பஞ்சைத் திரித்துச் சந்துக்குள் உளியால் இறுக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றுவார். அதைக் கலப்பத்து என்போம். இங்கே குங்கிலியத்துக்கு எங்கே போவது? பெரிய கடையில் போய்ப் படகுக்கு அடிக்கிற பசை டப்பாவாக வாங்கி வந்தேன். ஒரு சந்து விடாமல் அடைத்தேன். சுற்றிலும் ஒரு முழ உயரத்துக்குப் பலகைச் சுவர் வைத்தேன். அந்த மூலைகளையும் அடைத்தேன். எறும்பு உள்ளே போக வேண்டும் என்றால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

என் மனைவி சுமதி திருப்பாலைவனத்துக்காரி. நெல் விளைவிக்கிற குடும்பம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“இன்னாங்க, மழ பேஞ்சா தண்ணி எங்க போவும்?”

“உள்ள வந்தாத்தான் போவணும்? அதான் ஒரு சொட்டு வராம அடைச்சிக்கீறேனே,” என்றேன்.

“கீழேர்ந்து வராதுங்க. மேலேர்ந்து?”

கழனிக்காரிக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். நல்ல வேளை, சத்தமாக நினைக்கவில்லை.

3

கூரைக்கு ஒரு தார்ப்பாய் கட்டியிருந்தேன். படகுக்கு யார் கூரை போடுகிறார்கள்? அது சம்பிரதாயத்துக்கு. ஆக்லாந்து மழை நம் ஊர் மழைபோல் நேராக வந்து நாலு அடி அடித்துவிட்டுப் போகிற ரகம் இல்லை. பக்கவாட்டில் வரும், பொறுமையாக வரும், போகும்போது சொல்லிக்கொள்ளாமல் திரும்பவும் வரும். வியாழக்கிழமை தொடங்கி சனிக்கிழமை காலையில் விட்டது.

முகிலன்தான் முதலில் ஏறினான். தொபுக்கென்று ஒரு சத்தம். பின்னாலேயே சிரிப்பு. “அப்பா, நீச்சல் குளம்!” என்றான்.

ஏறிப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், என் கலப்பத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு சொட்டு கீழே ஒழுகவில்லை. சுவரின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. இரண்டு இலை, ஒரு செருப்பு, கயல்விழியின் கணக்குப் புத்தகம் மூன்றும் நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தன. நான் கட்டியது தரையில் ஓடாத, தண்ணீரிலும் இறங்காத, மரத்தில் நிற்கிற ஒரு படகு. வெளியே இருக்க வேண்டிய தண்ணீர் உள்ளே இருந்தது, மற்றபடி எல்லாம் சரியாக இருந்தது. பாரம் தாங்காமல் கிளை முனகியது.

சுமதி ஏணியில் பாதி ஏறி எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

“நல்லாத்தான் கீது. நாத்து நட்டா பொங்கலுக்கு அறுத்துடலாம்.”

ஓட்டை போடுவது ஒன்றுதான் வழி. துளைக் கருவியை எடுத்துக்கொண்டு போனேன், பலகையில் வைத்தேன், கை அழுத்த மறுத்தது. கால் வைக்கிற பலகையில், தண்ணீரைத் தாங்கி நிற்கிற பலகையில், தெரிந்தே ஓட்டை போடு என்றால் எந்தப் படகுக்காரன் பிள்ளைக்குக் கை வரும்? மரத்தின் மேல், தரையிலிருந்து பத்தடி உயரத்தில், மூழ்கிவிடுவோம் என்று பயந்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். சுமதி கருவியை என் கையிலிருந்து வாங்கினாள். நாலு மூலையிலும் மடை திறந்துவிட்டாள். தண்ணீர் கீழே கொட்டியதும் பிள்ளைகள் அதில் நின்று ஆடினார்கள். நான் திரும்பிக்கொண்டேன்.

4

வீடு காய்ந்ததும் சுவரை ஆள் உயரத்துக்கு ஏற்றி, ஒரு ஜன்னலும் ஒரு வாசலும் விட்டேன். உடனே சண்டை ஆரம்பித்தது.

தெருவில் ஏழு பிள்ளைகள். ஏறக்கூடியது மூன்று பேர். அந்த மூன்றிலும் தரம் உண்டு. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் தூரத்தில் கடல் தெரியும். வாசல் பக்கம் உட்கார்ந்தால் கயிற்று ஏணியை இழுத்துக்கொண்டு மற்றவர்களை மிரட்டலாம். பின்மூலையில் ஒன்றும் தெரியாது. போதாததற்கு இரவில் போசம் என்கிற மரநாய் போன்ற ஒரு பிராணி வந்து அங்கேதான் காலைக்கடனை முடித்துவிட்டுப் போகும். பக்கத்து வீட்டு இரட்டைப் பையன்கள் ஜன்னலைப் பிடித்தால் விடுவதில்லை. கயல்விழியின் உயிர்த்தோழி ஹானா தினமும் பின்மூலையில் போய் அழுதாள். அவள் அம்மாவுக்குத் தெற்குத் தீவில் வேலை கிடைத்து, பள்ளிப் பருவம் முடிந்ததும் ஊரைக் காலி செய்யப் போகிறார்கள். கொஞ்ச நாள்தான் இருக்கப்போகிறேன், அதற்குள்ளாவது ஜன்னல் வேண்டும் என்பது அவள் கட்சி.

பிள்ளைகளின் பெற்றோர் வந்து ‘உணர்வுகளைப் பகிர்ந்துகொள்ள’ வைத்தார்கள். பகிர்ந்துகொண்ட பிறகு சண்டை இன்னும் தெளிவாக நடந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இடம் கொஞ்சம், ஆள் அதிகம், நல்ல இடம் ஒன்று, கெட்ட இடம் ஒன்று. இதற்குத்தானே எங்கள் ஊரில் வழி வைத்திருக்கிறார்கள்?

எல்லோரையும் மரத்தடியில் உட்கார வைத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாடு என்றால் என்ன என்று விளக்கினேன். முதல் விதி, கல்யாணமானவர்களுக்கு மட்டும் சீட்டு என்று வாயில் வந்துவிட்டது. முகிலன் பதறிப்போய், தான் யாரையும் கல்யாணம் செய்துகொள்ள முடியாது, ஜன்னலே வேண்டாம் என்றான். அந்த விதியை அங்கேயே எடுத்தோம். அடுத்து, ஆண்களுக்கு மட்டும். கயல்விழி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ். அதுவும் வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ். செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும்.

“பெண்களுக்கு ஏன் பாடு இல்லை?” என்றாள்.

“அது பழைய வழக்கம்மா.”

“அது தவறான வழக்கம். நீக்குகிறேன்.”

சமையலறை ஜன்னலிலிருந்து கைதட்டல் கேட்டது. எங்கள் ஊர்க் கூட்டத்தில் தலைமுறை தலைமுறையாக யாரும் எடுக்காத விஷயம், மரத்தடியில் டீ ஆறுவதற்குள் முடிந்தது.

சனிக்கிழமை தோறும் சீட்டு என்று முடிவானது. சுமதியின் ரைஸ் குக்கர் பாத்திரம்தான் பானை. முதலில் வரும் மூன்று பெயருக்கு வரிசையாக ஜன்னல், வாசல், பின்மூலை. பெயர் வராதவர்கள் கீழே இருக்க வேண்டும், அடுத்த வாரம் அவர்கள் பெயர்களையும் புதிதாகச் சேர்ந்தவர்கள் பெயர்களையும் முதலில் குலுக்க வேண்டும். இரண்டாவது வாரமே இரட்டையர்களின் அத்தை மகன் பக்கத்து ஊரிலிருந்து விருந்துக்கு வந்தான். தன் பெயரையும் போடச் சொன்னான். அவர்களும் சிபாரிசு செய்தார்கள். எனக்குள்ளே இருந்த ஊர்ப் பெரியவர் துள்ளி எழுந்தார். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன், இங்கே குடியிருக்காதவனுக்குப் பாடு கிடையாது, யாராக இருந்தாலும் சரி, பேச்சு முடிந்தது.

அந்தத் தீர்ப்பு கயல்விழிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு பலகையை எடுத்து, சிவப்பு வண்ணத்தில், குண்டு குண்டான எழுத்தில், தமிழிலேயே எழுதி மரவீட்டு வாசலில் மாட்டினாள்: ‘இங்கு வசிக்காதவருக்குப் பாடு இல்லை.’

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மகள் தமிழில், அதுவும் எங்கள் ஏரியின் வார்த்தையை வைத்து, பிழையில்லாமல் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறாள்! படம் எடுத்து உடனே அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் கூப்பிட்டார். போனைக் கயல்விழியிடம் கொடுத்தேன்.

“வணக்கம் பெரியப்பா. தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. “நல்லா கீறேம்மா,” என்றார் மெதுவாக. போன் என் கைக்கு வந்ததும், “இன்னாடா, உன் பொண்ணு கலெக்டர் மாரி பேசுது! எழுந்து நின்னுட்டேன்டா,” என்றார்.

“போர்டு எப்டி?”

“நல்லாத்தான் எழுதிக்கீது,” என்றார். அவர் குரலில் வேறு ஏதோ இருந்தது. பெருமை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

5

ஊர்ச் சீட்டு முடிந்த அன்று, இங்கே சனிக்கிழமை சாயங்காலம், அண்ணன் கூப்பிட்டார். நான் புல் வெட்டிக்கொண்டிருந்தேன்.

“முடிஞ்சிடுச்சிடா. உன் பேர எடுத்துட்டாங்க.”

இயந்திரத்தை நிறுத்தினேன். காலுக்குக் கீழே தரை கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. இந்த நாட்டில் நிலநடுக்கம் சகஜம், அதனால் ஒரு நிமிடம் அதுதானோ என்றுகூட நினைத்தேன்.

“நீ ஒண்ணும் பேசலியா?”

“பேசுனேன். மொதல்ல கை தூக்குனதே நான்தான்.”

எனக்கு வந்த கோபத்தில் என்னென்ன சொன்னேன் என்று முழுக்க எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். வருஷம் தவறாமல் என் பெயருக்கு வரி போகவில்லையா என்றேன். திருவிழாவுக்குப் பணம் அனுப்பவில்லையா என்றேன். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவன் பெயரெல்லாம் இருக்கும்போது என் பெயர் மட்டும் என்ன பாவம் செய்தது என்றேன்.

“காட்டுப்பள்ளி போறவன் சாய்ங்காலம் வூட்டுக்கு வர்றான்டா. ஒரு சாவுன்னா வந்து நிக்கிறான். நீ கோயிலுக்குக் குடு, யாரு வாணான்னா? பாடு வேற.”

“உனக்குத்தானே நஷ்டம்? என் மொறையும் நீதானே கட்டிக்கினு கீற?”

“அதுக்குத்தான்டா தூக்குனேன்.” அண்ணன் குரல் தணிந்தது. “எடமே கொஞ்சம்தான் கீது. எதிர்வூட்டு கோவிந்தன் கல்யாணம் கட்டிக்கினு, கொழந்தையும் பொறந்துடுச்சி, இன்னும் சீட்டு இல்லாம கூலிக்கு வலை இழுக்கிறான். நான் ரெண்டு பேருக்கு ரெண்டு பாடு கட்டிக்கினு அவன் மூஞ்சில தெனம் எப்டிடா முழிக்கிறது? நீ அங்க கீற. நான்தான இங்க கீறேன்?”

அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

“ரெண்டு பேரு ஒத்துக்கல,” என்றார். “நைனாவுக்கு மரியாத, தம்பி பேரு இருந்துட்டுப் போவட்டும்னு சொன்னாங்க. அப்பறம் அந்த போட்டோவக் காட்டுனேன்.”

“எந்த போட்டோ?”

“உன் பொண்ணு எழுதுனதுதான். செல்லு கூட்டம் ஃபுல்லா சுத்தி வந்துச்சி. பாத்துட்டு எல்லாரும் கம்முனு ஆயிட்டாங்க. அந்த நாட்டுல பொறந்த கொழந்தைக்கே தெரியுது, நமக்கு இன்னா கேடுன்னு பெருசு ஒண்ணு கேட்டுச்சி.”

வெளிநாட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுங்கள், சொல்லிக்கொடுங்கள் என்று மேடைதோறும் பேசுகிறவர்களுக்கு என் அன்பான வேண்டுகோள்: யோசித்துப் பேசுங்கள்.

போனை வைத்துவிட்டு மிச்சப் புல்லை வெட்டினேன். கோபம் கண்ணை மறைத்ததால் சுமதியின் புதினாப் பாத்தியையும் சேர்த்து வெட்டிவிட்டேன். அவள் வந்து பார்த்தாள், திட்டாமல் வெட்டுப்பட்ட தழையைப் பொறுக்கிக்கொண்டு போனாள். எனக்கு எவ்வளவு வலித்தது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

6

ஹானா போய்விட்டாள். போகும் முன் ஒரு வாரம் அவளுக்கு ஜன்னல் விழுந்தது. அடுத்த சனிக்கிழமை மரத்தடியில் வழக்கம்போல் கூடினார்கள். கயல்விழி குக்கர் பாத்திரத்தைக் கவிழ்த்துச் சீட்டுகளை எண்ணினாள். ஹானாவின் சீட்டைத் தனியாக எடுத்தாள்.

கை கழுவிக்கொண்டிருந்த நான் ஈரக் கையோடு ஓடினேன்.

“அது இருக்கட்டும்மா,” என்றேன்.

“ஹானா இங்கே இல்லை, அப்பா.”

“தெரியும். லீவுக்கு வருவாளே. வரும்போது ஏறட்டும். ஒரு சீட்டுதானே, பாத்திரத்தில் ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டும். உனக்கு என்ன பாரம்? உன் சிநேகிதி இல்லையா அவள்? பெயரைப் பார்த்தால் அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்?”

நான் யாருக்காக இவ்வளவு மன்றாடுகிறேன் என்று சுமதிக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாசற்படியில் வந்து நின்றாள். இரட்டையர்கள் என்னை வேடிக்கை பார்த்தார்கள். வேலியை ஒட்டி ஒரு புதுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். ஹானா காலி செய்த வீட்டுக்குக் குடிவந்தவர்கள். கூப்பிடாமல் உள்ளே வரலாமா என்று தெரியாமல் வேலிக் கம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

கயல்விழியின் கண் கலங்கியிருந்தது. ஹானா போன பிறகு அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தச் சீட்டை அவள் கசக்கவில்லை, கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு தமிழில் சொன்னாள்.

“எனக்கும் வருத்தம்தான். ஆனால் இங்கு வசிக்காதவருக்குப் பாடு இல்லை. நீங்கள்தான் சொன்னீர்கள்.”

வேலியோரம் போய் அந்தப் பெண்ணிடம் பெயர் கேட்டாள். எழுதினாள். பாத்திரத்தில் போட்டாள்.

என் அண்ணன் பேசின மாதிரியே இருந்தது. கொஞ்சம் சுத்தமான தமிழில், அவ்வளவுதான். ஏரியை இரண்டே தடவை பார்த்தவள், அதுவும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தவள். பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள் என்று இத்தனை நாளும் புலம்பியிருக்கிறேன். அவள் எங்கும் போகவில்லை. போனவன் நான்தான், பானையைப் பிடித்துக்கொண்டு தொங்கினவனும் நான்தான்.

குலுக்கப் போகும்போது முகிலன் கேட்டான், “அப்பாவுக்குச் சீட்டு உண்டா?”

இரட்டையர்கள் உடனே ஆட்சேபித்தார்கள். பெரியவர்கள் பாரம், மரம் தாங்காது, அதிகாரி சொல்லியிருக்கிறார். கயல்விழி யோசித்தாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

“அப்பா இங்கே வசிக்கிறார்,” என்றாள்.

அவ்வளவுதான் விவாதம். எனக்கு முறை வந்தால் நான் மட்டும் தனியாக ஏற வேண்டும், அரை மணி நேரம், அதற்குப் பிறகு மற்றவர்கள் என்று ஒரு திருத்தம் சேர்த்தார்கள். ஒரு காகிதத்தில் ‘அப்பா’ என்று எழுதினாள். மடித்துப் போட்டாள். குலுக்கினாள். புதுப் பெண்ணை எடுக்கச் சொன்னார்கள். முதல் சீட்டு அவள் பெயரே, ஜன்னல். இரண்டாவது இரட்டையரில் ஒருவன், வாசல். மூன்றாவது நான்.

பின்மூலை.

ஒரு துடைப்பத்தோடு ஏறினேன். போசம் வைத்துவிட்டுப் போயிருந்ததைப் பெருக்கித் தள்ளிவிட்டு, சுமதி போட்ட ஓட்டைக்குப் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்தேன். மூன்று பக்கமும் பலகை. கடல் தெரியவில்லை. கீழே எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். இறங்கச் சொல்லி யாரும் கெஞ்சவில்லை, இன்னும் நேரம் இருக்கிறது என்று முகிலன் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. அந்தச் சண்டைக்குப் பிறகு அண்ணன் முதல் தடவையாகக் கூப்பிடுகிறார். கொஞ்சம் யோசித்து எடுத்தேன்.

“எங்கடா கீற?”

“மரத்து மேல.”

“இன்னாடா கோரிக்கை?”

“ஒண்ணும் இல்லண்ணா. இன்னிக்கு என் பாடு.”

அவருக்குப் பின்னால் யாரோ இறாலுக்கு விலை பேசுவது கேட்டது.

“எந்த எடம் வுழுந்துது?”

“பின்மூலை. ஒண்ணும் தெரியல. ஒரே நாத்தம்.”

“வுடு,” என்றார் அண்ணன். “அட்த்த சீட்டுல நல்ல எடமா வுழும்.”